192.168.10.40-ல் குடியிருப்பது யார்?

கொப்புடையம்மன் திருவிழா பற்றி எழுதியாச்சு. கந்தரப்பம் பற்றி எழுதியாச்சு. அரியர் பேப்பர் பற்றிப் புலம்பியும் ஆச்சு. இந்தத் தடவை கொஞ்சம் வறண்ட சப்ஜெக்ட். சொந்தமாக ஒரு சின்ன க்ளவுட் கட்டினால் அதற்குள் ஐ.பி. முகவரிகளை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதுதான். "ஐயோ, நெட்வொர்க்ஸ் பேப்பரா!" என்று ஓடிவிடாதீர்கள். நடுவில் ரங்கூன் வரும், வட்டிக்கடை வரும், வில்லனாக ஒரு பிரிண்டரும் வரும்.

முதலில், எதற்கு இந்த வேண்டாத வேலை?

எங்கள் கல்லூரி காரைக்குடிப் பக்கம். பெயர் வேண்டாம். எங்களுக்கு அடுத்த பேட்சில் 60 பேர். அதில் பாதிக்கு மேல் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள். லேபில் உட்காருகிற நேரம்தான் அவர்களுக்கு நேரம். ஒரு லினக்ஸ் சர்வரை ஆரம்பத்திலிருந்து நிறுத்திப் பார்க்கணும், டேட்டாபேஸ் போடணும், கெடுத்துவிட்டால் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கணும். அப்படித்தான் இந்தத் தொழில் கைக்கு வரும். லேப் மெஷினில் இதையெல்லாம் செய்ய விடமாட்டார்கள். அதுவும் நியாயம்தான், அடுத்த பீரியடுக்கு வேறு வகுப்பு அதே மெஷினில் உட்காரணுமே.

வெளியே அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் எல்லாரும் மெஷினை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் கணக்குத் தொடங்கும்போதே கார்டு நம்பர் கேட்கும். கல்லலிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிற பையனிடம் ஏது கிரெடிட் கார்டு? அப்படியே இருந்தாலும், மெஷினை அணைக்க மறந்து மாதக் கடைசியில் பில் வந்தால் வீட்டில் என்ன பதில் சொல்வது?

அதனால் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஸ்டோர் ரூமுக்குப் போனோம். அங்கே கண்டம் செய்து ஏலத்துக்குக் காத்திருந்த டெஸ்க்டாப்கள் எட்டு. அதில் உயிரோடு இருந்தவை மூன்று. மற்ற ஐந்தின் ராமைப் பிடுங்கி இந்த மூன்றில் சொருகியதில் ஒவ்வொன்றுக்கும் 16 ஜி.பி. கிடைத்தது. துறையில் ஒரு கெடு வைத்தார்கள். செமஸ்டர் முடியும்வரை ஒழுங்காக ஓடினால் மூன்றும் லேபிலேயே இருக்கும். இல்லையென்றால் மறுபடி ஸ்டோர் ரூம், அப்புறம் காயலான் கடை.

இந்த மூன்றிலும் ஓப்பன்ஸ்டாக் போட்டோம். 2010-ல் நாசாவும் ரேக்ஸ்பேஸ் கம்பெனியும் சேர்ந்து ஆரம்பித்த திறந்த மூல மென்பொருள் அது. ஐரோப்பாவின் செர்ன் ஆராய்ச்சிக் கூடம் 2013-லிருந்து இதை வைத்துத்தான் தன் க்ளவுடை ஓட்டுகிறது. அவர்களுக்கு ஆயிரக்கணக்கில் சர்வர்கள், எங்களுக்கு மூன்று. ஒரு மெஷின் மேஸ்திரி மாதிரி எல்லாவற்றையும் மேய்க்கும். மற்ற இரண்டுக்குள் மெய்நிகர் மெஷின்கள் ஓடும். ஆளுக்கு ஒரு ஜி.பி. என்று கணக்குப் போட்டால் 20 மெய்நிகர் மெஷின்கள், மூன்று பேருக்கு ஒன்று. மிச்சத்தில் பொதுவாக ஒரு டேட்டாபேஸ் சர்வரும் இன்னும் ஓரிரண்டும்.

இன்ஸ்டால் செய்ய இரண்டு நாள் ஆனது. முகவரிகளை ஒழுங்குக்குக் கொண்டுவர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தின் கதைதான் இந்தப் பதிவு.

ஒரே நம்பர், ஊரெல்லாம்

இன்டர்நெட்டில் பழைய முறை முகவரிகள் (ஐ.பி. பதிப்பு 4) மொத்தம் சுமார் 429 கோடி. உலக மக்கள்தொகையை விடக் குறைவு. மையக் கிட்டங்கியிலிருந்து கடைசி மூட்டைகளைப் பிரித்துக் கொடுத்தது 2011 பிப்ரவரி 3 அன்று. இது நடக்கப்போகிறது என்று முன்னாலேயே தெரிந்ததால், 1996 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 1918 என்ற ஆவணம் மூன்று தொகுதிகளை "இவை யாருக்கும் சொந்தமில்லை, எல்லாரும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம்" என்று ஒதுக்கிவிட்டது.

10-ல் ஆரம்பிக்கிறவை முழுக்க, அதாவது 1,67,77,216 முகவரிகள். 172.16-லிருந்து 172.31 வரை, 10,48,576 முகவரிகள். 192.168-ல் ஆரம்பிக்கிறவை, 65,536 முகவரிகள்.

உங்கள் வீட்டு மோடத்துக்கு 192.168.1.1 என்று இருக்கும். பக்கத்து வீட்டு மோடத்துக்கும் அதுவே இருக்கும். தேவகோட்டையில் உங்கள் சித்தப்பா வீட்டிலும் அதுதான். சண்டை வராது. ஏனென்றால் அந்த நம்பர் வாசற்படியைத் தாண்டி வெளியே போகாது. தாண்டும்போது மோடம் தன் வெளி முகவரியைப் போட்டு அனுப்பிவிடும்.

இது காரைக்குடிக்காரர்களுக்குப் புதிதே இல்லை. நகரத்தார் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். அதனால் அதே சில பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும். தெருவில் நின்று "சிதம்பரம்!" என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். வீட்டுக்குள் கூப்பிடும்போது குழப்பம் இல்லை. வெளியூரில் தொழில் செய்யும்போதுதான் எந்தச் சிதம்பரம் என்று தெரிந்தாக வேண்டும். அதற்கு அவர்கள் கண்டுபிடித்ததைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

எதை எடுக்கக்கூடாது

க்ளவுட் கட்டும்போது முதல் முடிவு, உள்ளே எந்தத் தொகுதியைப் புழங்குவது என்பது. "இலவசம்தானே, ஏதோ ஒன்றை எடுத்துக்கோ" என்று தோன்றும். இந்த இடத்தில் மெதுவாகப் போகணும்.

நீங்கள் கேட்காமலேயே சில மென்பொருள்கள் சில தொகுதிகளில் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருக்கும். டாக்கர் நிறுவினால் வழக்கமாக 172.17-ஐ எடுத்துக்கொள்ளும். லினக்ஸின் லிப்வர்ட் 192.168.122-ஐ எடுத்துக்கொள்ளும். வர்ச்சுவல்பாக்ஸ் 192.168.56-லும் 10.0.2-லும் உட்கார்ந்திருக்கும். க்ளவுடுக்கும் அதே தொகுதியைக் கொடுத்தீர்கள் என்றால், ஒரு மாணவன் தன் மெய்நிகர் மெஷினுக்குள் டாக்கர் போட்ட அன்றைக்கு அவனுக்கு வெளி உலகத்தில் ஒரு பகுதி காணாமல் போகும். எந்த எர்ரரும் வராது. பதில் வராது, அவ்வளவுதான். அந்த முகவரிகள் எல்லாம் தன் வீட்டுக்குள்தான் இருக்கின்றன என்று மெஷின் நம்பி, உள்ளேயே தேடிக்கொண்டிருக்கும்.

எங்கள் லேப் நெட்வொர்க் 192.168.10 என்று தொடங்குவது. அதையும் உள்ளே புழங்க முடியாது. எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி அடித்துக்கொண்டே வந்து, கடைசியில் 10.20-ஐ எடுத்தோம். அதை 256 துண்டாக நறுக்கினால் துண்டுக்கு 256 முகவரிகள். 10.20.1 இந்த வருஷத்து ஜூனியர்களுக்கு, 10.20.2 அடுத்த வருஷத்துக்கு, 10.20.100 பொது சர்வர்களுக்கு. மூன்றாவது எண்ணைப் பார்த்ததுமே யாருடையது என்று தெரிந்துவிடும். இருநூறு பேட்சுக்கு மேல் தாங்கும். அதற்குள் கல்லூரிக்கே நூற்றாண்டு விழா இரண்டு தடவை வந்துவிடும்.

ரங்கூனில் ஒரு வட்டிக்கடை

உள்ளே முகவரி கொடுத்தாயிற்று. 10.20.100.7-ல் டேட்டாபேஸ் சர்வர் ஓடுகிறது. ஆனால் லேபில் உட்கார்ந்திருக்கிற பெண்ணால் அதைத் தொடமுடியாது, அவள் மெஷின் 192.168.10 நெட்வொர்க்கில் இருக்கிறது. வெளியிலிருந்து வர ஒரு வாசல் வேண்டும். ஓப்பன்ஸ்டாக்கில் அதற்கு 'ஃப்ளோட்டிங் ஐ.பி.' என்று பெயர். மிதக்கும் முகவரி. இந்தப் பெயரைக் கேட்டு வகுப்பில் எல்லாரும் முழித்தோம். முகவரி எப்படி மிதக்கும்?

எனக்கு இது புரிந்தது எதிர்வீட்டு ஐயா மூலமாக. அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. அவரிடம் நான் கேட்டது அவருடைய இனிஷியல் ஏன் ரயில் மாதிரி இவ்வளவு நீளம் என்றுதான். "அது இனிஷியல் இல்லப்பா, விலாசம்" என்றார்.

விலாசம்! நம்ம ஊரில் லெட்டர் மேல் எழுதுவதும் விலாசம்தான். நகரத்தார் வழக்கில் அது தொழில் குடும்பத்தின் அடையாளம், முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்தது. பழைய வங்கி ஒன்றையே உதாரணமாகச் சொல்கிறேன். சர் எம்.சிடி. முத்தையா செட்டியார். அவருடைய மகன் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். அப்பாவின் எம்.சிடி. அப்படியே இருக்கிறது, அதன் பின்னால் அப்பா பெயரின் 'எம்' சேர்ந்திருக்கிறது. இந்தச் சிதம்பரம் செட்டியார்தான் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவர். 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறந்தார்கள். சப்நெட் படித்தவர்களுக்கு இந்தப் பெயர்வரிசை உடனே பிடிபடும். முன்னால் இருக்கிற பொதுப் பகுதி குடும்பத்தைக் காட்டும், கடைசித் துண்டு ஆளைக் காட்டும். ஐ.பி. முகவரியும் அப்படித்தான்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த வட்டிக்கடைகளை முதலாளிகள் எப்போதும் நேரில் போய் நடத்தவில்லை. ஏஜெண்டு ஒருவரை அதிகாரப் பத்திரம் கொடுத்து அனுப்புவார்கள். பொதுவாக மூன்று வருஷம். கெடு முடிந்ததும் அவர் கணக்கை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறி ஊருக்கு வருவார், அடுத்தவர் போய் அதே கல்லாவில் உட்காருவார். கடைக்கு வருகிற பர்மிய விவசாயிக்கு அது இன்ன விலாசத்துக் கடை, அவ்வளவுதான். பத்திரமும் அந்த விலாசத்தின் பேரில்தான். உள்ளே உட்கார்ந்திருப்பவர் மாறியதால் கடனும் மாறாது, வரவும் மாறாது.

"ஆள் மாறலாம் தம்பி, விலாசம் மாறப்படாது. மாறினா வர்றவன் எங்க வருவான்?" என்றார் ஐயா.

ஃப்ளோட்டிங் ஐ.பி.க்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. 192.168.10.40 என்பது விலாசம். 10.20.100.7 என்பது இப்போதைக்கு உட்கார்ந்திருக்கிற ஏஜெண்டு. நாளைக்கு அந்த மெய்நிகர் மெஷின் கெட்டுப்போனால் 10.20.100.9 என்று இன்னொன்றை எழுப்பி, விலாசத்தை அவிழ்த்து இதன் மேல் மாட்டலாம். லேபில் இருக்கிற அறுபது பேருக்கும் ஒன்றும் தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை கடை அங்கேயேதான் இருக்கிறது.

இன்னொரு குழப்பமும் இதில் தீர்ந்தது. மெய்நிகர் மெஷினுக்குள் போய் "உன் முகவரி என்ன?" என்று கேட்டால் 10.20.100.7 என்று மட்டும்தான் சொல்லும். 192.168.10.40 என்று தனக்கு ஒரு முகவரி இருப்பதே அதற்குத் தெரியாது. ஜூனியர்களில் பாதிப் பேர் "அண்ணே, ஃப்ளோட்டிங் ஐ.பி. ஏறவே இல்ல" என்று வந்து நின்றார்கள். ஏறியிருக்கிறது. அந்த மாற்று வேலை நடப்பது நடுவில் இருக்கிற ரூட்டரில். விலாசம் பலகையில் இருக்கும், ஏஜெண்டின் சட்டைப்பையில் இருக்காது.

32 முகவரிகள்

விலாசங்களுக்கு லேப் நெட்வொர்க்கிலிருந்து இடம் வேண்டும். லேப் பொறுப்பாளர் அண்ணன் நல்ல மனுஷர். 192.168.10.32-லிருந்து 63 வரை 32 முகவரிகளை எங்களுக்கு ஒதுக்கினார். லேப் மெஷின்களுக்குத் தானாக முகவரி கொடுக்கிற டி.எச்.சி.பி. சர்வர் 100-லிருந்துதான் ஆரம்பிக்கும், அதனால் மோதல் வராது என்று கணக்கு.

இங்கே தனியாகக் கட்டுகிறவர்கள் கவனிக்க இரண்டு குறிப்புகள். ஒன்று, வெளி நெட்வொர்க்கை ஓப்பன்ஸ்டாக்கில் பதியும்போது உங்களுக்குக் கிடைத்த 32-ஐ மட்டும் ஒரு தனி நெட்வொர்க்காகக் காட்டக்கூடாது. லேபின் முழு 256-ஐயும், அதன் உண்மையான கேட்வேயையும் சொல்லிவிட்டு, "இதில் 32 முதல் 63 வரை மட்டும் நீ எடு" என்று எல்லை போடணும். இரண்டு, அந்த வெளி நெட்வொர்க்கில் ஓப்பன்ஸ்டாக்கின் டி.எச்.சி.பி.யைக் கட்டாயம் அணைத்துவிடணும். இல்லையென்றால் ஒரே லேபில் இரண்டு பேர் முகவரி விநியோகம் செய்வார்கள். ஒரு பந்தியில் இரண்டு பேர் தனித்தனியாக இலை போட்ட கதைதான்.

32-ல் ஒன்றை ரூட்டரே எடுத்துக்கொள்ளும். மிச்சம் 31. எல்லா மெய்நிகர் மெஷினுக்கும் விலாசம் கொடுத்தால் அடுத்த பேட்சுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் பொது சர்வர்களுக்கு மட்டும் கொடுத்தோம். மற்றவற்றுக்குப் போக ஒரே ஒரு மெஷினைத் திண்ணை மாதிரி வைத்தோம். முதலில் திண்ணைக்கு வரணும், அங்கிருந்து உள்ளே வளவுக்குப் போகணும். எங்கள் ஊர் வீடுகளில் வருகிறவர் எல்லாரும் நேராக இரண்டாம் கட்டுக்கா போகிறார்கள்?

வில்லன் நுழைகிறார்

இரண்டு வாரம் எல்லாம் ஜோராக ஓடியது. மூன்றாவது வாரம் ஒரு திங்கட்கிழமை, ஜூனியர்களுக்கு டேட்டாபேஸ் லேப். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது. பத்தே காலுக்குப் பாதிப் பேருக்கு வேலை செய்கிறது, பாதிப் பேருக்கு "கனெக்ஷன் மறுக்கப்பட்டது" என்று வருகிறது. ஐந்து நிமிஷம் கழித்து வேலை செய்தவர்களுக்கு நின்றது, நின்றவர்களில் சிலருக்கு ஓடியது. பிங் அடித்தால் எல்லாருக்கும் பதில் வருகிறது. சர்வருக்குள் போய்ப் பார்த்தால் அது ஒரு பாவமும் அறியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. வாசலில் துறைத்தலைவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கெடு முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் இன்றைக்கே ஏலம் போட்டுவிடுவார் போல இருந்தது.

கண்டுபிடித்தது எங்கள் குழுவில் அதிகம் பேசாத தோழி. "பதில் சொல்றது நம்ம சர்வர்தானா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேள்வி.

ஒரே நெட்வொர்க்கில் ஒரு முகவரிக்குச் செய்தி அனுப்பணும் என்றால், மெஷின் முதலில் "192.168.10.40 யாரப்பா?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தும். இதற்கு ஏ.ஆர்.பி. என்று பெயர். அந்த முகவரிக்காரர் "நான்தான்" என்று தன் வன்பொருள் எண்ணைச் சொல்வார். இரண்டு பேர் "நான்தான்" என்றால்? கத்திய மெஷின் யார் சொன்னதை மனசில் வைத்துக்கொள்கிறதோ அவரிடம் போகும். கொஞ்ச நேரத்தில் மறந்துபோய் மறுபடி கத்தும். அப்போது மற்றவரிடம் போகலாம். பாதிப் பேருக்கு ஓடி, பாதிப் பேருக்கு நின்றதன் ரகசியம் இதுதான்.

அவள் ஆர்பிங் கட்டளையைப் போட்டாள். ஒரே முகவரிக்கு இரண்டு வன்பொருள் எண்களிலிருந்து பதில் வந்தது. ஒன்று எஃப்ஏ:16:3இ என்று ஆரம்பித்தது. ஓப்பன்ஸ்டாக் தான் உருவாக்குகிற எல்லாவற்றுக்கும் வழக்கமாகப் போடுகிற முத்திரை அது, ஆகவே அது எங்கள் ரூட்டர். இன்னொன்றின் முதல் மூன்று துண்டுகளைத் தேடிப் பார்த்தால் ஒரு பிரிண்டர் கம்பெனி வந்தது. (வன்பொருள் எண்ணின் முன்பாதி தயாரிப்பாளருடையது. இங்கேயும் விலாசம்!)

தேடிக்கொண்டு போனால், மாடியில் அலுவலக அறையில் ஒரு பழைய லேசர் பிரிண்டர். ஹால் டிக்கெட் அடிக்க மட்டும் வருஷத்துக்கு இரண்டு தடவை போடுவார்களாம். எப்போதோ யாரோ அதற்குக் கையால் 192.168.10.40 என்று முகவரி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வைத்தவர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. எந்த நோட்டிலும் இல்லை. அணைந்து கிடந்தபோது அது இருப்பதை லேப் பொறுப்பாளராலும் பார்க்கமுடியாது, ஓப்பன்ஸ்டாக்காலும் பார்க்கமுடியாது. ஒரு முகவரியை எடுப்பதற்கு முன் வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று ஓப்பன்ஸ்டாக் கேட்டுப் பார்ப்பதில்லை. நீங்கள் எழுதிக் கொடுத்த எல்லையை அப்படியே நம்பும்.

யார் காலி செய்வது?

இதில் ஒரு சின்ன பஞ்சாயத்து நடந்தது. எங்களில் ஒருவன் "பிரிண்டர் முகவரியை மாத்திடலாம், ரெண்டு நிமிஷ வேலை" என்றான். ஆனால் அலுவலகத்தில் இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டரிலும் பிரிண்டர் என்றால் .40 என்றுதான் பதிந்திருக்கிறது. ஹால் டிக்கெட் அடிக்கிற வாரத்தில் அதை மாற்றினால், வரிசையில் நிற்கப்போவது அதே ஜூனியர்கள்தான். ஐயா சொன்னதை வைத்துப் பார்த்தால் தீர்ப்பு சுலபம். பழைய கடைக்கு வருகிறவர்கள் அதிகம், புதுக்கடைதான் நகர வேண்டும்.

ஓப்பன்ஸ்டாக்கில் எல்லையை இரண்டு துண்டாகவும் கொடுக்கலாம். 32 முதல் 39, அப்புறம் 41 முதல் 63 என்று மாற்றினோம். 40 பிரிண்டருக்கே. டேட்டாபேஸ் 41-க்குப் போனது. இதற்கு ஆனது பத்து நிமிஷம். அறுபது பேரும் தங்கள் புரோகிராமுக்குள் நேரடியாக .40 என்று எழுதியிருந்ததைத் தேடி மாற்ற மிச்சப் பீரியட் முழுக்கப் போனது.

அன்று சாயங்காலமே பெயர் வைத்தோம். மேஸ்திரி மெஷினில் சின்னதாக ஒரு டி.என்.எஸ். சர்வர். இனி யாரும் எண்ணை எழுத வேண்டாம், 'டேட்டா.லேப்.இன்டர்னல்' என்று எழுதினால் போதும். இந்த 'இன்டர்னல்' என்ற கடைசிப் பெயரை, நிறுவனங்கள் தங்களுக்குள் புழங்குவதற்கென்றே 2024-ல் ஐகான் அமைப்பு ஒதுக்கிவைத்தது. வெளி உலகத்தில் அந்தப் பெயரில் தளம் வராது என்பதால் நாளைக்கு மோதாது. இப்போது மூன்று அடுக்கு. பெயர் விலாசத்தைக் காட்டும், விலாசம் ஆளைக் காட்டும். கீழே எது மாறினாலும் மேலே இருப்பவருக்குத் தெரியவேண்டியதில்லை.

சில்லறைக் குறிப்புகள்

இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு இன்னும் மூன்று விஷயம்.

மேஸ்திரி மெஷினின் முகவரியை முதலிலேயே கையால் நிலையாக வைத்துவிடுங்கள். ஓப்பன்ஸ்டாக் அந்த முகவரியைத் தன் பல கோப்புகளிலும் சேவைப் பட்டியலிலும் எழுதிவைத்துக்கொள்ளும். அது தானாகக் கிடைத்த முகவரியாக இருந்து ஒருநாள் மாறினால், எல்லாம் ஓடும், எதுவும் எதையும் கண்டுபிடிக்காது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை முதல் மாலை வரை கரண்டை நிறுத்துகிற ஊரில் இது ரொம்ப முக்கியம். கரண்ட் திரும்ப வந்த பிறகு மெய்நிகர் மெஷின்களின் உள் முகவரிகள் பத்திரமாக இருக்கும், அவை டேட்டாபேஸில் பதிவானவை. ஆனால் மெஷின்கள் தாமாக எழுந்திருக்காது. அதற்குத் தனியாக ஒரு அமைப்பு உண்டு, அதை 'ஆம்' என்று வைக்கணும்.

புது மெஷினுக்கு முதலில் பிங் போகாது. பதறவேண்டாம். வெளியிலிருந்து வருகிற எல்லாவற்றையும் தடுப்பதுதான் அதன் இயல்பு. பிங்குக்கும் 22-ஆம் போர்ட்டுக்கும் நீங்கள்தான் கதவு திறக்கணும்.

பிங் போகிறது, லாகின் ஆகிறது, பெரிய கோப்பு இறக்கினால் மட்டும் தொங்குகிறது என்றால் பார்சல் அளவைப் பாருங்கள். நெட்வொர்க்கில் ஒரு பார்சல் வழக்கமாக 1500 பைட். உள் நெட்வொர்க் வி.எக்ஸ்.லேன் முறையில் ஓடினால் மேலே உறை போட 50 பைட் வேண்டும். உள்ளே 1450-தான் கொள்ளும். இதைச் சொல்லாவிட்டால் சின்னப் பார்சல் போகும், பெரிய பார்சல் வழியில் காணாமல் போகும்.

பேரேடு

கடைசியாக, இவ்வளவும் எழுதியதற்குக் காரணம்.

அந்தப் பிரிண்டருக்கு முகவரி வைத்தவர் கெட்டவர் இல்லை. அன்றைக்கு அவர் வேலை முடிந்தது, பிரிண்டர் அடித்தது. போய்விட்டார். கல்லூரி என்பதே அப்படித்தான், நாலு வருஷத்துக்கு ஒருமுறை மொத்த ஆட்களும் மாறுகிற இடம். பர்மா ஏஜெண்டுக்காவது மூன்று வருஷ முடிவில் கணக்கை ஒப்படைத்தால்தான் கப்பல். நாங்கள் கன்வொகேஷனில் போட்டோ எடுத்துக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிடுவோம். இந்த மூன்று மெஷினும் ஓடுவது எங்கள் நாலு பேர் தலைக்குள் இருக்கிற தகவலால் என்றால், நாங்கள் போன மறு மாதம் அவையும் அந்தப் பிரிண்டர் மாதிரி ஆகிவிடும். யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று தெரியாத பெட்டி. அப்புறம் ஏலம்தான்.

அதனால் ஒரு நீள நோட்டு வாங்கினோம். கம்ப்யூட்டரில் வைக்கவில்லை, அந்தக் கம்ப்யூட்டரே ஓடாத அன்றைக்குத்தானே அது வேண்டும்! அட்டையில் 'பேரேடு' என்று எழுதினோம். ஒரு பக்கத்தில் 192.168.10.0-லிருந்து 255 வரை வரிசையாக 256 வரிகள். யாருடையது, எங்கே இருக்கிறது, எதற்கு, எந்தத் தேதியில், யார் கொடுத்தது. இன்னொரு பகுதியில் 10.20-ன் துண்டுகள். காலியாக இருப்பதையும் 'காலி' என்று எழுதினோம். ஒன்றும் எழுதாமல் விட்டால் காலியா, மறந்துபோனதா என்று தெரியாதே. லேப் பொறுப்பாளர் அண்ணன் ஒவ்வொரு மாடியாக எங்களோடு ஏறி இறங்கினார். அந்த நடையில் ஊர்பேர் தெரியாத இன்னும் ஐந்து பெட்டிகள் அகப்பட்டன. ஒரு வருகைப்பதிவுக் கருவி, இரண்டு கேமரா, இரண்டு பழைய வயர்லெஸ் பெட்டி. இரண்டு கேமராவும் எங்கள் 32-க்குள்ளேயே இருந்தன. நோட்டில் ஏற்றி, எல்லையில் இன்னும் இரண்டு ஓட்டை போட்டோம்.

செமஸ்டர் முடிந்தது. மூன்று மெஷினும் லேபிலேயே இருக்கின்றன. துறைத்தலைவர் பாராட்டெல்லாம் சொல்லவில்லை. "யு.பி.எஸ். ஒண்ணு தர்றேன், அதையும் நோட்டுல ஏத்திக்கங்க" என்றார். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் பாராட்டுதான்.

போன வாரம் ஜூனியர் ஒருத்தி கோட் வைக்க ஒரு புது சர்வர் நிறுத்தினாள். எங்களைக் கேட்கவில்லை. நோட்டைத் திறந்தாள், 'காலி' என்று இருந்த 192.168.10.47-ஐப் பார்த்தாள், ஆர்பிங் அடித்து யாரும் "நான்தான்" என்று சொல்லவில்லை என்று உறுதி செய்தாள். அப்புறம் 'காலி'யை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுத் தேதியோடு தன் பெயரை எழுதினாள். அழகாக இனிஷியலோடு.